கழுத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

2024 ஜனவரி 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, எங்கள் வெண்டைப் பாத்தியில் சிவப்புப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. முதுகில் கரும்புள்ளி இருக்கிறது. நடுவில் நாலைந்து மட்டும் பெரிதாக, புள்ளி இல்லாமல் இருக்கின்றன. எல்லாம் ஒரே வகைதானா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் மொத்தத்தையும் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் உதறிவிடச் சொல்கிறார். உதறிவிடலாமா?”

உதறாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள். அந்த நாலைந்து பெரிய பூச்சிகள் உங்கள் வெண்டையைத் தின்ன வந்தவை அல்ல. வெண்டையைக் கெடுக்கிற பூச்சியைத் தின்ன வந்தவை.

புள்ளி உள்ளது பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி. நாவாய்ப்பூச்சி என்றால் அலகைச் செருகி உறிஞ்சும் பூச்சி. அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். சிவப்பு உடல், தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி போல ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு முன்சிறகிலும் ஒவ்வொரு கரும்புள்ளி, சிறகின் கடைசிப் பாதி கறுப்பு. புள்ளி இல்லாமல், கழுத்துக்கோடும் இல்லாமல், சிறகு நுனி மட்டும் கறுத்து, முழுச் சிவப்பாக இருப்பது ஆன்டிலோக்கஸ் கோக்கபெர்ட்டி. இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று விதையை உறிஞ்சும், மற்றொன்று அந்த விதை உறிஞ்சியை உறிஞ்சும்.

2024 ஜனவரி 8

நேற்று அவசரத்தில் எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். முதுகை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டாம். வயிற்றையும் பாருங்கள்.

நான் செய்வது இது. வீட்டில் இருக்கும் கண்ணாடி டம்ளரைப் பூச்சியின் மேல் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி எடுத்துக்கொள்வேன். டம்ளரை நிமிர்த்தி, அட்டையை மூடிபோல வைத்துவிட்டால் பூச்சி சுவரில் ஏறும். ஏறும்போது அதன் வயிறு நமக்கு நேராக வரும். சிவப்பு நாவாய்ப்பூச்சியின் அடிவயிற்றில் கண்டத்துக்குக் கண்டம் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் ஓடும். திருநீற்றை மூன்று விரலால் இழுத்தது போல அவ்வளவு தெளிவாக இருக்கும். ஆன்டிலோக்கஸில் அந்த வெள்ளைப் பட்டை கிடையாது.

கழுத்து, சிறகு, வயிறு. இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் பெயர் சொல்லுங்கள். ஒன்று மாறினாலும் நிறுத்துங்கள்.

2024 ஜனவரி 10

அளவை வைத்துப் பிரிக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். அது கைகொடுக்காது. சிவப்பு நாவாய்ப்பூச்சியே 12 மில்லிமீட்டரிலிருந்து 18 மில்லிமீட்டர் வரை இருக்கும், பெண் பெரிது. இணை சேர்ந்து பின்புறம் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இழுபடும் சோடியைப் பார்த்தாலே தெரியும்.

2024 ஜனவரி 16

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒருவர் படம் அனுப்பியிருந்தார். வெளிறிய இளஞ்சிவப்பு உடல், புள்ளி இல்லை. “ஐயா சொன்ன காவல்பூச்சி ஆன்டிலோக்கஸ்தானே?” என்று கேட்டிருந்தார். நான் போனில் சின்னதாகப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தவறு. இன்று பெரிய திரையில் பார்த்தேன். பக்கத்திலேயே செடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வெறும் தோல் தொங்குகிறது. அது அப்போதுதான் கடைசித் தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்த சிவப்பு நாவாய்ப்பூச்சி. புதிதாகத் தோல் உரித்த பூச்சிக்கு மேலுறை இறுகும் வரை நிறமும் ஏறாது. புள்ளியும் கறுப்பும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் துலங்கும். அவரை அதே செடியை மறுபடி பார்க்கச் சொன்னேன். புள்ளி வந்துவிட்டதாம், கழுத்தில் வெள்ளையும் தெரிகிறதாம்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். புள்ளி இல்லை என்பது மட்டும் ஆன்டிலோக்கஸுக்குச் சாட்சி ஆகாது. நிறம் அழுத்தமாக ஏறிய பிறகும் புள்ளி இல்லை என்றால்தான் சாட்சி. ஒரு பூச்சி வெளிறி, மெத்தென்று, நகரச் சோம்பலாக இருந்தால் அன்றைக்குப் பெயர் வைக்காதீர்கள்.

2024 ஜனவரி 21

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

எங்களுக்குக் கரிசல் காடு. அப்பா பருத்தி போடுவார். காய் வெடிக்கிற நேரத்தில் இந்தச் சிவப்புப் பூச்சி வரும். பிஞ்சுக் காயிலும் வெடித்த காயின் விதையிலும் அலகைச் செருகி உறிஞ்சும். உறிஞ்சிய துளை வழியாகப் பூஞ்சை உள்ளே போய் வெள்ளைப் பஞ்சை மஞ்சளும் பழுப்புமாகக் கறையாக்கிவிடும். கறைப் பஞ்சுக்கு வியாபாரி விலை குறைப்பார். அப்பா அந்தப் பஞ்சைத் தனியாகப் பிரித்து ஒரு சாக்கில் போட்டு வைப்பார். அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பழைய பால் டப்பாவில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றிக்கொண்டு நிரை நிரையாகப் போவேன். சிவப்பாக எது தெரிந்தாலும் தட்டிவிடுவேன். பெரிதாக இருப்பதைத் தேடிப் பிடித்துத் தட்டுவேன், அதுதான் கூட்டத்துக்குத் தலைவன் என்று நினைத்து. பல ஆண்டுகள் கழித்து, நடுத்தர வயதில், ஒரு பூவரசு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். புள்ளியில்லாத பெரிய சிவப்புப் பூச்சி ஒன்று, புள்ளியுள்ள சின்னதன் உடலில் அலகைச் செருகி, அதைத் தூக்கிக்கொண்டே நடந்தது. கீழே இருந்த பூச்சியின் கால்கள் மெதுவாக அடங்கின. நான் டப்பாவில் தட்டிய பெரிய பூச்சிகள் எல்லாம் அன்று என் நினைவுக்கு வந்தன. அப்பாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, எங்கள் காட்டுக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவற்றை நானே கொன்றிருக்கிறேன்.

அப்பாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் அதற்குள் போய்விட்டார். அதனால்தான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 27

எருக்கஞ்செடியில் இருக்கும் சிவப்பு கறுப்புப் பூச்சியும் இதுதானா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது வேறு குடும்பம்.

எருக்கில் அடிக்கடி கிடைப்பது ஸ்பைலோஸ்டெத்தஸ் பாண்டூரஸ். அதன் முன்மார்பைப் பாருங்கள், அதாவது தலைக்கும் சிறகுக்கும் நடுவில் உள்ள பலகையை. அதில் முன்னிருந்து பின்னாக இரண்டு அகலமான கறுப்புப் பட்டைகள் வளைந்து வளைந்து போகும். சிறகின் நடுவில் கறுப்புத் திட்டு ஒன்று. சிறகு நுனியின் கறுப்புச் சவ்வில் பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பொட்டு. சிவப்பு நாவாய்ப்பூச்சியின் நுனியில் வெள்ளைப் பொட்டு கிடையாது. பூச்சி சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும்போது கறுப்புக்கு நடுவில் வெள்ளைப் பொட்டு கண் மாதிரித் தெரிந்தால் அது எருக்கம்பூச்சி என்று நம்பலாம்.

லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறி சொல்கிறேன். வண்ணத்தைவிட இதை நம்பலாம். எருக்கம்பூச்சியின் உச்சந்தலையில், இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே, இரண்டு குட்டிக் கண்கள் மணிபோல மின்னும். பருத்திப் பூச்சிக் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் குட்டிக் கண்கள் இல்லை. படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் சில நேரம் தெரியும். சாய்வான காலை வெயிலில் எடுங்கள்.

எருக்கம்பாலின் நஞ்சு இந்தப் பூச்சியைக் கொல்வதில்லை. அந்த நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிவப்பும் கறுப்பும் அதற்குப் போட்ட எச்சரிக்கைப் பலகை. ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி இன்னொருமுறை சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் வந்தாலே விலகிப் போகும். அந்தப் பாடத்தை இத்தனை வகைப் பூச்சிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாம் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் அதுதான். குருவியை ஏமாற்ற வந்த ஒற்றுமையில் நாமும் சேர்ந்து ஏமாறுகிறோம்.

2024 பிப்ரவரி 2

முடக்கத்தான் கொடி வைத்திருப்பவர்களுக்கு: காற்றடைத்த பை போன்ற அந்தக் காய்களில் நீளமாக, மெலிவாக, புள்ளியே இல்லாத சிவப்புப் பூச்சி இருந்தால் அது லெப்டோகோரிஸ். காலும் உணர்கொம்பும் கறுப்பு. பூவந்திக்கொட்டை மரத்திலும் பூவ மரத்திலும் இதே இனம் விதை தேடி வரும், மூன்று செடியும் ஒரே குடும்பம் என்பதால். புள்ளி இல்லை என்றதும் ஆன்டிலோக்கஸ் என்று முடிவு செய்யாதீர்கள். செடியைப் பாருங்கள். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, துத்தி, பூவரசு, இலவம் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பருத்திப் பூச்சி அந்த வீட்டை விட்டு அதிகம் விலகாது. முடக்கத்தான் வேறு வீடு.

2024 பிப்ரவரி 11

குஞ்சுகளின் படங்கள் நிறைய வருகின்றன. குஞ்சுக்குச் சிறகு இல்லை, ஆகவே சிறகுப் புள்ளியைத் தேடிப் பயனில்லை. சிவப்பு நாவாய்ப்பூச்சியின் வளர்ந்த குஞ்சுக்கு முதுகின் நடுவில் வரிசையாகக் கரும்புள்ளிகளும், இருபுறமும் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். ஐந்து முறை தோல் உரித்த பிறகுதான் முழுச்சிறகு வரும். இடையில் ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் வேறு சாயல்.

சந்தேகமான குஞ்சை வளர்த்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. நான் இப்போது ஒரு ஊறுகாய் பாட்டிலில் எட்டுக் குஞ்சுகள் வைத்திருக்கிறேன். வாயை மல் துணியால் கட்டி, உள்ளே ஊறவைத்த பருத்தி விதையும், பூச்சி ஏறிக்கொள்ள ஒரு மடித்த தாளும். பேத்தி தினமும் காலையில் எண்ணுகிறாள். உரித்த தோலை நூல்பிடித்த மாதிரி கவனமாக எடுத்துத் தீப்பெட்டியில் சேர்க்கிறாள்.

தாள் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பருத்திப் பூச்சிக்கு ஐரோப்பாவில் ஒரு உறவுக்காரப் பூச்சி உண்டு. பெயர் பைரோகோரிஸ் ஆப்டெரஸ். அதுவும் சிவப்பு கறுப்புதான். 1960களில் செக் நாட்டு ஆய்வாளர் கரேல் ஸ்லாமா அமெரிக்காவின் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோனார். ஊரில் நன்றாக வளர்ந்த பூச்சிகள் அங்கே முதிரவே இல்லை. குஞ்சாகவே பெருத்து, முதிர்பூச்சி ஆகாமல் செத்தன. உணவை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் காரணம் ஜாடியில் விரித்த காகிதத் துண்டு என்று தெரிந்தது. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் ஃபிர் என்ற மரத்தில், பூச்சியைக் குஞ்சாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் இருந்தது. அமெரிக்கச் செய்தித்தாளை விரித்தால் பூச்சி முதிரவில்லை, லண்டன் தாளை விரித்தால் முதிர்ந்தது. அந்தப் பொருளுக்குப் பிறகு ஜுவாபியோன் என்று பெயர் வைத்தார்கள். அது மற்றப் பூச்சிகளை விட்டுவிட்டு இந்தச் சிவப்புக் குடும்பத்தைத்தான் பிடித்தது. ஒரு மரம் ஒரு பூச்சியை என்றும் குழந்தையாகவே வைத்திருக்க ஒரு மருந்தைச் சுமந்து நிற்கிறது என்பதை நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் பாட்டிலில் தமிழ்ச் செய்தித்தாள்தான். குஞ்சுகள் நலம்.

2024 பிப்ரவரி 12

நேற்றையதற்கு ஒரு ஒட்டு. அதே ஐரோப்பியப் பூச்சியின் விந்தணுக்களை 1891ஆம் ஆண்டு ஹெர்மன் ஹென்கிங் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாதி அணுக்களில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாகப் போவதைக் கண்டார். அது என்னவென்று விளங்காததால் எக்ஸ் என்று குறித்தார். நாம் இன்று எக்ஸ் குரோமோசோம் என்று சொல்வதன் முதல் எழுத்து ஒரு சிவப்பு நாவாய்ப்பூச்சியிலிருந்து வந்தது.

2024 பிப்ரவரி 25

“அலகைப் பார்த்தால் கொல்லியா, சாறு உறிஞ்சியா என்று தெரிந்துவிடுமே, புள்ளியை ஏன் எண்ண வேண்டும்?” என்று ஒரு வேளாண் மாணவி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி அம்மா. பாதிதான் சரி.

கொல்லி நாவாய்ப்பூச்சிகளுக்கு அலகு மூன்று கணு, தடித்து, வில்போல வளைந்து, தலைக்கும் அலகுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். கழுத்தும் ஒடுங்கியிருக்கும். பருத்திப் பூச்சிக்கு அலகு நான்கு கணு, நேராக வயிற்றோடு படிந்திருக்கும். பருத்திக் காட்டில் சிவப்பும் கறுப்புமாகத் திரியும் ரைனோகோரிஸ் என்ற கொல்லிப்பூச்சி வகைகளைப் பிரிக்க இது மிக நல்ல வழி. அவற்றையும் தயவுசெய்து நசுக்காதீர்கள், காய்ப்புழுவைத் தின்பவை. வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம். குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும், எனக்கு ஒரு பகல் முழுக்க விரல் வீங்கியிருந்தது.

ஆனால் ஆன்டிலோக்கஸுக்கு இந்த வழி உதவாது. அது பருத்திப் பூச்சியின் குடும்பத்திலேயே பிறந்து வேட்டைக்குப் போனது. அலகின் கணுக்கணக்கும் குடும்பக் கணக்குதான். அங்கே கழுத்துக்கோட்டையும் புள்ளியையும்தான் பார்க்க வேண்டும்.

ரைனோகோரிஸில் இன்னொரு பாடமும் உண்டு. ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்ற ஒரே இனத்தில் சிவப்பு, கறுப்பு, இரண்டும் கலந்தது என்று மூன்று வண்ணப் பிரிவுகள் இருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் டன்ஸ்டன் அம்புரோஸ் இந்தக் கொல்லிப்பூச்சிகளைப் பல்லாண்டுகள் வளர்த்து ஆராய்ந்தவர். நமக்கு இவ்வளவு பக்கத்தில், தாமிரபரணிக் கரையில், இந்தப் பூச்சிகளுக்காக ஒருவர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். வண்ணத்தை மட்டும் நம்பினால் அந்த ஒரு இனத்துக்கு நாம் மூன்று பெயர் வைத்திருப்போம்.

2024 மார்ச் 3

காட்டாமணக்கு வேலியில் “பொன்வண்டு” கிடைத்ததாக ஒரு தம்பி படம் போட்டிருக்கிறார். நீலமும் பச்சையுமாகத் தகதகக்கிறது, மேலே கறுப்புப் பொட்டுகள். படம் அருமை. ஆனால் அது பொன்வண்டு இல்லை தம்பி.

நாங்கள் சிறுவயதில் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்த பொன்வண்டு ஒரு வண்டு. அதன் முதுகில் நடுவில் நேர்க்கோடு ஒன்று ஓடும், இரண்டு கடினச் சிறகுகளும் சந்திக்கும் கோடு. உங்கள் படத்தில் அந்தக் கோடு இல்லை. தோளிலிருந்து கடைசி வரை ஒரே கேடயம். நாவாய்ப்பூச்சிகளின் முதுகில் முக்கோணமாக ஒரு தகடு இருக்கும் அல்லவா, அது இந்தக் குடும்பத்தில் வளர்ந்து வளர்ந்து முழு முதுகையும் சிறகையும் மூடிவிட்டது. இது கிரைசோகோரிஸ், மணி நாவாய்ப்பூச்சி என்று நான் சொல்லிக்கொள்வேன். திருப்பிப் பாருங்கள், வண்டுக்கு இருப்பது போலக் கடிக்கும் தாடை இருக்காது, உறிஞ்சும் அலகுதான் இருக்கும்.

செத்த பூச்சியைப் பார்த்து நிறம் எழுதாதீர்கள். இந்தப் பச்சையும் நீலமும் சாயம் அல்ல, மேலுறையின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி மோதித் திரும்புவதால் வருவது. உடல் காய்ந்தால் நிறமும் மாறிவிடும். நான் ஒருமுறை பச்சையாக எடுத்து வைத்ததை ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது மங்கிக் கிடந்தது. உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.

2024 மார்ச் 9

மனித முகப் பூச்சி. இதைக் கேட்காத வாரமே இல்லை.

கேட்டகாந்தஸ் இன்கார்னேட்டஸ். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் சிறகின் இரண்டு கரும்புள்ளிகள் கண், நடுத் தகடு மூக்கு, சிறகு நுனியின் கறுப்பு வாரிய தலைமுடி. 1773ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயப் பூச்சி ஆய்வாளர் டுரூரி இதற்குப் பெயர் வைத்துவிட்டார். முந்திரித் தோப்புகளில் கூட்டமாகக் கிடைக்கும்.

சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, வெண்மஞ்சள் ஒன்று என்று மூன்று படம் போட்டு “மூன்று வகையா?” என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான். இங்கே வண்ணம் மாறும், முகம் மாறாது. புள்ளியின் இடத்தைப் பாருங்கள், பின்னணி நிறத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் இதையே விதியாக்கவும் கூடாது. கான்டாவோ ஓசெல்லேட்டஸ் என்று மணிப்பூச்சிக் குடும்பத்தில் ஒன்று உண்டு, ஆரஞ்சு முதுகில் வெள்ளை விளிம்பிட்ட கரும்புள்ளிகள். அதில் புள்ளிகளின் எண்ணிக்கையே பூச்சிக்குப் பூச்சி மாறும். சிலவற்றில் புள்ளி ஏறக்குறைய மறைந்தே போகும். அதன் தாயை அடையாளம் காண முதுகைவிட நடத்தை நல்ல சாட்சி: முட்டைகளின் மேல் கவிந்து உட்கார்ந்து, எறும்பு வந்தாலும் நகராமல் காவல் காக்கும். கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லாத உடம்பு, அதற்குள் இவ்வளவு உறுதி.

2024 மார்ச் 10

உணர்கொம்பை எண்ணுங்கள். முகப்பூச்சிக்கும் அதன் குடும்பத்தாருக்கும் ஐந்து கணு. பருத்திப் பூச்சிக்கும் எருக்கம்பூச்சிக்கும் நான்கு. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

2024 மார்ச் 17

ஓசூரிலிருந்து ஒரு அம்மா. முட்டைக்கோசு நாற்றங்காலில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளுத்திருக்கிறது, கறுப்பில் ஆரஞ்சும் வெள்ளையும் தெளித்த சிறிய பூச்சி, சோடி சோடியாக ஓடுகிறது என்கிறார்.

பாக்ராடா ஹிலாரிஸ், வண்ண நாவாய்ப்பூச்சி. கடுகு, முள்ளங்கி, கோசு இவற்றின் குடும்பத்தைப் பிடிக்கும். 5 முதல் 7 மில்லிமீட்டர்தான். 2008ஆம் ஆண்டு இது கலிஃபோர்னியாவில் முதன்முதலாகத் தென்பட்டபோது, அங்கே ஏற்கெனவே இருந்த ஹார்லெக்வின் பூச்சியோடு பலர் குழப்பிக்கொண்டார்கள். அதற்கும் கறுப்பும் ஆரஞ்சும்தான், ஆனால் உடல் பெரிது, வெள்ளைத் தெளிப்பு கிடையாது. முட்டையும் வேறு: ஹார்லெக்வின் இலையடியில் வரிசையாக ஒட்டிவைக்கும், பாக்ராடா பெரும்பாலும் மண்ணில் ஒவ்வொன்றாகப் போடும்.

அதனால் அம்மா, இலையைத் திருப்பித் திருப்பி முட்டை தேட வேண்டாம். செடியின் தூரைச் சுற்றி மண்ணை மேலாகக் கிளறிவிடுங்கள்.

2024 மார்ச் 30

இலவ மரத்தடியில் பஞ்சு பறக்க ஆரம்பித்துவிட்டது. விழுந்த காய்களைச் சுற்றித் தரையே சிவந்து கிடக்கிறது. பார்த்துப் பயந்துபோய் ஒருவர் மரத்தையே வெட்டலாமா என்கிறார். வேண்டாம். அவை தரையில் சிந்திய விதையைத் தின்று தீர்த்துவிட்டுப் போகும். கடையில் மருந்து வாங்கிக் கொட்டினால் முதலில் சாவது அதற்குள் நடமாடும் ஆன்டிலோக்கஸ்தான், அது எண்ணிக்கையில் குறைவு. நானும் அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து தேடினேன். ஏழு கிடைத்தன. ஒன்று இரையோடு.

2024 ஏப்ரல் 6

பெயர்களைப் பற்றி ஒரு கேள்வி. பழைய நூல்களில் நம் சிவப்பு நாவாய்ப்பூச்சி டிஸ்டெர்கஸ் கோனிகி என்றும் வருகிறதே, இரண்டும் ஒன்றா? இரண்டும் தனித்தனி இனப் பெயர்கள், ஆனால் இந்திய நூல்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிய குழப்பம் நெடுங்காலமாக உண்டு. பழைய அறிக்கையைப் படிக்கும்போது பெயரோடு நிற்காமல் வர்ணனையையும் படியுங்கள்.

அந்தக் கோனிகி யார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யோஹான் கெர்ஹார்டு கேனிக். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். 1768ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தவர். இங்கே செடிகளையும் பூச்சிகளையும் தேடித் தேடி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1775ஆம் ஆண்டு டேனிஷ் பூச்சி ஆய்வாளர் ஃபப்ரீசியஸ் பல பூச்சிகளுக்குப் பெயர் சூட்டியபோது இதற்கு அவர் பெயரை வைத்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் அதே மனிதர்தான் இருக்கிறார். காலையில் தாளிக்கும் இலையிலும், மாலையில் வெண்டையில் மொய்க்கும் பூச்சியிலும் தரங்கம்பாடிக் கடற்கரையில் நடந்த ஒரே மனிதரின் பெயர். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் கறிவேப்பிலைச் செடிக்குக் கொஞ்சம் அதிக நேரம் தண்ணீர் விட்டேன்.

2024 மே 19

கோடை மழை. “வெல்வெட் மாதிரிச் சிவப்புப் பூச்சி, இது எந்த நாவாய்ப்பூச்சி?” என்று குழந்தை ஒன்றின் கையெழுத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கண்ணு, காலை எண்ணு. எட்டு இருக்கும். இது நாவாய்ப்பூச்சியும் இல்லை, பூச்சியினமே இல்லை. தம்பலப்பூச்சி, சிலந்திக்கு உறவு. சங்கப் பாட்டில் இதற்கு மூதாய் என்று பெயர். மண்ணிலேயே விட்டுவிடு, மழை நின்றதும் அது உள்ளே போய்விடும்.

2024 ஜூலை 14

ஜனவரியில் முதல் கேள்வி கேட்டவர் இன்று மறுபடி எழுதியிருக்கிறார். மண்ணெண்ணெய்த் தண்ணீர் ஊற்றவில்லையாம். தினமும் காலையில் டம்ளரோடு போய், கழுத்தில் வெள்ளைக் கோடு உள்ளவற்றை மட்டும் சோப்புத் தண்ணீரில் போட்டாராம், கோடு இல்லாதவற்றைத் திரும்பச் செடியிலேயே விட்டாராம். இப்போது இரண்டாம் போக வெண்டை. படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். இலையின் மேல் ஒரு முழுச் சிவப்புப் பூச்சி, புள்ளி இல்லை, கோடு இல்லை. அதன் அலகு நுனியில் புள்ளி உள்ள ஒன்று தொங்குகிறது. வயிறு நமக்கு நேராகத் திரும்பியிருக்கிறது. வெள்ளைப் பட்டைகளை எண்ண முடிகிறது.

கீழே அவர் எழுதியிருப்பது: “பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இப்போது டம்ளர் வாங்கிவிட்டார் ஐயா.”